பிள்ளையார் முதல் ஆஞ்சநேயர் வரை

போன வாரம் ஆபீஸிலிருந்து ரெம்யா போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். "சாரே, ஒரு சம்சயம்" என்று ஆரம்பித்தாள். நம்முடைய பழைய கெர்னலில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன, ஒன்றின் பெயர் பிள்ளையார், இன்னொன்றின் பெயர் ஆஞ்சநேயர், இரண்டிலும் உருப்படியாக ஒன்றும் இல்லை, புதிய போர்டுக்கும் புதிய கம்பைலருக்கும் இவை தேவையில்லை, அழித்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"அழித்துவிடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரிட்டயர் ஆனவனிடம் வாயைக் கொடுத்தால் சும்மா விடுவானா? அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், "இதெல்லாம் எழுதித் தாங்கோ சார், எல்லாருக்கும் வாயிக்கான், படிக்கக் கொடுக்கலாம்" என்றாள். போனை வைப்பதற்கு அது ஒரு மரியாதையான வழி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரன். வீட்டில் நெல்லும் தென்னையும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்விசிறி, மோட்டார், ஈரப்பதம், சூடு இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் பெட்டிகள் செய்கிற கம்பெனி. தேயிலை ஃபேக்டரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் எங்கள் பெட்டிகள் போகும். சில வருஷம் சால்டரிங், பிறகு டெஸ்டிங், பிறகு எப்படியோ புரோகிராம் எழுதுகிற அறைக்குள் நுழைந்துவிட்டேன். அந்த அறையில் ஏசி இருந்தது. பாலக்காட்டு வெயிலில் சால்டரிங் மேஜை முன் உட்கார்ந்தவனுக்கு அந்த ஆசையின் அருமை தெரியும்.

அந்த அறை விசாலம் மேடத்துடையது. கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எங்கள் பெட்டிக்குள் ஓடுகிற கெர்னல் முழுக்க அவர் எழுதியது. கெர்னல் என்றால் பெட்டிக்கு கரண்ட் வந்ததும் முதலில் எழுந்து, மற்ற எல்லா வேலைகளையும் எழுப்பிவிட்டு, யாருக்கு எப்போது முறை என்று மேய்க்கிற புரோகிராம். மேடம் கீபோர்டைத் தொடவே மாட்டார். நாம் எழுதியதை நாமே சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தப்பு வருகிற வரியில் ஒரு கண் மட்டும் திறக்கும். அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பயந்தே நான் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டேன்.

கன்ஸ்ட்ரக்டர் என்ற சங்கதியை நான் கற்றது ஒரு அவமானத்தில். அதுவரை எல்லாம் சி மொழி. மேடம் பச்சைக்கொடி காட்டியதும் சி பிளஸ் பிளஸ்ஸில் மோட்டாருக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அதன் விவரமும் வேலையும் ஒன்றாக அடங்கிய ஒரு பொட்டலம், எழுதினேன். அது உருவாகும்போது வேகம், திசை எல்லாவற்றையும் நிரப்புகிற கன்ஸ்ட்ரக்டரையும் எழுதினேன். என் டேபிள் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. பெட்டிக்குள் ஏற்றினால் எல்லா மதிப்பும் பூஜ்யம். மோட்டார் அசையவே இல்லை. கம்பைலரைத் திட்டினேன், போர்டைத் திட்டினேன், போர்டை சால்டர் செய்தவனையும் திட்டினேன்.

மேடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பழனி, உன் கன்ஸ்ட்ரக்டரை யார் கூப்பிட்டா?" என்றார்.

"தானா ஓடுமுங்க மேடம். புரோகிராம் தொடங்கற மெயினுக்கு முன்னாடியே ஓடிருமுங்க."

"தானா ஒண்ணும் ஓடாது, கேட்டயா. உன் டேபிள் கம்ப்யூட்டர்ல அதைக் கூப்பிடறதுக்கு ஆள் உண்டு. இங்கே அந்த ஆள் நாமளாக்கும். நமக்கு முன்னாடி ஒருத்தரும் இல்லை."

அன்றுதான் விளங்கியது. எல்லாருக்கும் பொதுவாக வைத்த ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும், நாம் எழுதியதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் சத்தமில்லாமல் ஒரு சின்ன ஃபங்ஷனைத் தானே எழுதி, அதன் முகவரியை ஒரு வரிசையில் போட்டு வைக்கிறது. நாம் எழுதிய கோடில், அதாவது புரோகிராம் வரிகளில், எங்கே தேடினாலும் அந்த ஃபங்ஷன் கிடைக்காது. கல்யாண வீட்டில் முதல் பந்தி உட்காருவதற்கு முன்பே வந்து இலை போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. சாப்பிடுகிறவர்கள் அவர்களைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்களை யாராவது கூப்பிட்டால்தானே வருவார்கள்? சாதாரண புரோகிராமுக்கு அதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே எழுதுகிறவன் தானே போய் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும்.

அந்த வரிசை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு ஃபைல்கள். கல்பாத்தியில் பஜனை என்றால் பிள்ளையாரில் தொடங்கி ஆஞ்சநேயரில் முடியும். மேடம் அதையே இங்கும் வைத்துவிட்டார். எல்லா ஃபைல்களையும் லிங்கர் ஒன்றாகக் கோக்கும்போது பிள்ளையார் முதலில் நிற்பார், அவருக்குள் ஆரம்ப அடையாளம். ஆஞ்சநேயர் கடைசியில் நிற்பார், அவருக்குள் முடிவு அடையாளம். கெர்னல் பிள்ளையாரில் தொடங்கி, வரிசையில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே ஆஞ்சநேயர் வரை நடக்கும். போர்டில் இரண்டு சின்ன விளக்குகள். பிள்ளையாரைத் தாண்டியதும் சிவப்பு எரியும், ஆஞ்சநேயரைத் தாண்டியதும் பச்சை எரியும்.

இதற்கு மேல் ஒரு சடங்கும் உண்டு. ஒவ்வொரு முறை புதிய கெர்னல் தயாரானதும், லிங்கர் தருகிற மேப்பை பிரிண்ட் எடுத்து இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மேப் என்றால் எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில் இருக்கிறது என்கிற விவரம். ஒருவர் கன்ஸ்ட்ரக்டர்களை வரிசையாகச் சொல்ல, அதை எழுதியவர் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அது சொல்லாமல் வந்த விருந்தாளி. விசாரிக்காமல் விடமாட்டார் மேடம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ எல்.பி. ஸ்கூல், ஆரம்பப் பள்ளிக்கூடம், நடத்துகிறோம் என்று தோன்றும். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆட்கள் கதவோரம் நின்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்கள் பெட்டிகள் நின்றதில்லை.

அதாவது, வட்டவடைப் பெட்டி வரை நின்றதில்லை.

செல்வி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, சொந்த ஊர் வட்டவடை என்றாள். மூணாறுக்கும் அப்பால், மலையில் கேரட்டும் முட்டைக்கோஸும் பூண்டும் விளைகிற ஊர். வந்த கொஞ்ச நாளிலேயே மேடத்திடம் ஒரு யோசனை சொன்னாள். அவர்கள் ஊரில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுக் காப்பாற்றுகிறார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, புகை இல்லை, பூண்டு பூஞ்சை பிடிக்கிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு அறை கட்டி, வெளிக்காற்று வறட்சியாக இருக்கும்போது ஜன்னல்களைத் திறந்து ஃபேனை ஓட்டி, மூடுபனி வந்தால் ஜன்னல்களைத் தானே மூடுகிற ஒரு பெட்டி வைத்தால் என்ன?

மேடத்துக்குப் பிடித்துவிட்டது. கூரையோரத்தில் தொங்குகிற ஈரப்பத சென்சாரைப் பேசவைக்கிற வேலையை செல்வியிடமே கொடுத்தார். அது அவளுடைய முதல் கோடு. ஊரில் அவளுடைய அப்பா வேலுச்சாமி வீடு வீடாகப் போய், "எம் பொண்ணு செய்யுற மிஷினு, நம்பிக் குடுங்க" என்று சொல்லி, எல்லாருடைய விதைப்பூண்டையும் ஒரே அறையில் கொண்டுவந்து சேர்த்தார். விதை போனால் அடுத்த போகம் இல்லை. அதைத் தெரிந்துதான் அந்த மனிதர் வாக்குக் கொடுத்தார்.

பெட்டி தயாரானது சரஸ்வதி பூஜை சமயத்தில். எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை கொஞ்சம் பெரிய கொண்டாட்டம். ஆசிலாஸ்கோப்புக்குச் சந்தனம், சால்டரிங் இரும்புக்குக் குங்குமம், கம்ப்யூட்டருக்கு மாலை. இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷத்தில் அன்றைக்கு மட்டும் எல்லாரும் பிள்ளையார் ஃபைலைத் திறந்து அவரவர் பெயரைக் குறிப்பாக ஒரு வரி எழுதலாம். கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. செல்வி அன்று வெகுநேரம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர் எழுத இவ்வளவு நேரமா என்று கிண்டல் செய்தேன். "முதல் தடவை இல்லையா சார்" என்று சிரித்தாள்.

கடைசி கெர்னல் தயாராகி மேப் பிரிண்ட் ஆகி வந்தது. வாசிக்கலாம் என்று நான் உட்காரப் போனேன். மேடம் அதை என் கையிலிருந்து வாங்கி, பூஜையில் அடுக்கியிருந்த புத்தகங்களின் மேல் வைத்துவிட்டார்.

"மேடம், வாசிக்கலீங்களே?"

"இதுவும் புஸ்தகந்தான். வெச்சாச்சு. இனி விஜயதசமி அன்னைக்கு எடுத்துண்டா போறும்."

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூஜைக்கு வைத்த புத்தகத்தை எடுக்கும் வரை ஒரு எழுத்துகூட வாசிக்கக் கூடாது. நாங்களும் வாசிக்கவில்லை. விஜயதசமி காலையில் எடுத்தோம், தலைப்பு வரியை மட்டும் பக்தியோடு வாசித்தோம், அவலும் பழமும் சாப்பிட்டோம். அதற்குள் வட்டவடைக்குப் போகிற ஜீப் வாசலில் ஹாரன் அடித்தது. பெட்டியை ஏற்றினோம். மேப்பை யாரோ பத்திரமாக பீரோவில் வைத்தார்கள்.

வட்டவடையில் பெட்டி ஜோராக வேலை செய்தது. செல்வி ஊரில் மகாராணி. வேலுச்சாமி எனக்கு போன் செய்து, "மேகம் எறங்குனதும் சன்னல் தன்னால மூடுதுங்கய்யா, பாக்கப் பாக்கச் சிரிப்பா வருது" என்றார். பூண்டு அறையைப் பார்க்க கோவிலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம்.

மார்கழி வந்தது. ஒரு நாள் வேலுச்சாமியின் குரலில் சிரிப்பு இல்லை. கரண்ட் போய்விட்டு விடியற்காலையில் திரும்ப வந்தால் பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வெயில் ஏறினால் எழுந்துவிடுகிறது. அதற்குள் திறந்த ஜன்னல் வழியாகப் பனி முழுக்க உள்ளே போய்விடுகிறது. கையால் ஜன்னலை மூடுவதற்காக அவர் அந்த அறையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஜன்னலோரத்துப் பூண்டுச் சரங்களில் பூஞ்சை தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் அவரவர் பூண்டை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பவும் பரணுக்குத்தான் போக வேண்டும், பரணிலோ புகை இல்லை.

செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை முன் நின்றாள். "சார், கிளம்புவமா?" என்றாள். கஞ்சிக்கோட்டில் அதே மாதிரி இன்னொரு பெட்டியை ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோளாறு மலையில்தான் இருக்கிறது என்று முடிவானது.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர், மூணாறு, அங்கிருந்து ஜீப். சின்னாரில் வனத்துறை கார்டு எங்கள் பையைத் திறந்து பார்த்து, ஒயரும் பெட்டியுமாகக் கிடந்ததைக் காட்டி, "இதெந்தா சாதனம்?" என்றார். "வெளுத்துள்ளிக்குள்ள மிஷின்" என்றேன். பூண்டுக்கு மிஷினா என்று அவர் பக்கத்துக் கார்டைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தார்கள்.

வட்டவடையில் இறங்கியதும் குளிர் என் காதைப் பிடித்துத் திருகியது. எலப்புள்ளிக்காரனுக்கு அது குளிர் இல்லை, தண்டனை. செல்வி வீட்டில் இரண்டு கம்பளியும் ஒரு குல்லாவும் கொடுத்தார்கள். குல்லா போட்ட என்னைப் பார்த்து செல்வி சிரித்தது, அந்த வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு.

மறுநாள் விடியற்காலையில் பூண்டு அறைக்குப் போனோம். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை எரியவில்லை. மறுபடியும் அணைத்தோம், போட்டோம். சிவப்பு. வேலுச்சாமி ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கச் சரம் சரமாகப் பூண்டு. அந்த வாசனையில் நிற்கும்போது, இது யாரோ ஒருவருடைய மிஷின் அல்ல, ஒரு ஊரின் அடுத்த வருஷம் என்று எனக்கு உறைத்தது. பயமாகத்தான் இருந்தது.

சிவப்பில் நிற்கிறது என்றால் பிள்ளையாரைத் தாண்டி, ஆஞ்சநேயருக்கு முன்னால் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஸ்கிரீன் கிடையாது, ஒரு எழுத்து எழுதிக் காட்டவும் வழி கிடையாது. அவை எல்லாம் இனிமேல்தான் எழுந்திருக்க வேண்டும்.

செல்வியின் அம்மா கட்டஞ்சாயா, பால் விடாத டீ, கொண்டுவந்தார். டம்ளரை வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. சுவிட்சைப் போட வேண்டும், டம்ளரை வைக்க இடமில்லை. கூரையோரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் சென்சார் பெட்டி இருந்தது. அதன் தலையில் டம்ளரை வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு. உடனே பச்சை. ஜன்னல்கள் கிறீச்சென்று தாமாக மூடிக்கொண்டன.

"சார்! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலீம்மா, டீ வெச்சேன்."

டம்ளரை எடுத்துவிட்டு, சென்சார் பெட்டி ஆறும் வரை பொறுத்து, மறுபடி சுவிட்சைப் போட்டோம். சிவப்பில் நின்றது. டம்ளரை வைத்தோம். பச்சை. வேலுச்சாமி, "டீ குடிச்சாத்தேன் எந்திரிக்குமோ? எங்க ஊரு மிஷினு ஆயிருச்சு!" என்று சொல்லி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு டீ வந்துகொண்டே இருந்தது. மிஷினுக்கு வைத்து எடுத்த டீயையெல்லாம் நான்தான் குடிக்க வேண்டியிருந்தது.

வட்டவடையில் போன் சிக்னல் கிடைப்பது ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தின் மேல் வரப்பில் மட்டும். அங்கே ஏறி நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கீழே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சிவப்புல நிக்கறதா? சூடு காட்டினா எழுந்துக்கறதா?" என்றார் மேடம். அந்தப் பக்கம் கண்ணை மூடியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அப்போ வரிசையில இருக்கறவாள்ல யாரோ ஒருத்தர் காத்துண்டு இருக்கா. குளிர்ல சென்சார் முதல் கேள்விக்குப் பதில் சொல்லலை. செல்வி, பதில் வரலேன்னா உன் கோடு என்ன பண்ணும்?"

"கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேக்கும் மேடம்."

"கொஞ்ச நேரம்னு அதுக்கு யார் சொல்லுவா?"

"கடிகார ஆப்ஜெக்ட்தான் மேடம். ஆனா அது முன்னாடியே எழுந்திருக்குமே. ஃபைல் வரிசையில கடிகாரம் முன்னாடி, என்னோட சென்சார் பின்னாடி..."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் மாறியது. ஒரு முட்டைக்கோஸை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனம்முணி, என்னாச்சு?" என்றேன்.

"சார், நான் அதை அங்க வைக்கல. ஆயுத பூஜை அன்னிக்கு... முதல் கோடு, எங்க ஊருக்குப் போற மிஷின்... சாமி காலடியில வைக்கணும்னு தோணுச்சு. சென்சார் ஆப்ஜெக்டைத் தூக்கி பிள்ளையார் ஃபைலுக்குள்ள வச்சேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புதுச் சாவியை, புது வண்டியை, பள்ளிக்கூடப் பையை சாமி காலடியில் வைப்பது போல இந்தப் பெண் தன் ஆப்ஜெக்டை வைத்துவிட்டாள். பிள்ளையார் முதலில் நிற்கிறவர். அவர் காலடியில் இருக்கிறதும் எல்லாருக்கும் முதலில் எழுந்திருக்கும். கடிகாரம் எழுவதற்கு முன்பே சென்சார் எழுந்து, கேள்வி கேட்டு, பதில் வராமல், "கொஞ்ச நேரம்" காத்துக்கொண்டிருக்கிறது. ஓடாத கடிகாரத்தில் கொஞ்ச நேரம் எப்போது முடியும்? கஞ்சிக்கோட்டு வெயிலில் சென்சார் முதல் கேள்விக்கே டக்கென்று பதில் சொல்லிவிடும். அதனால் அங்கே யாரும் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

மேப்பை வாசித்திருந்தால் முதல் பெயரிலேயே பிடித்திருப்போம். அதையும் நாங்கள் சாமியிடம்தான் வைத்திருந்தோம்.

மேடத்தின் ஒற்றைக் கண் திறந்திருக்கும் என்று பயந்து நான் போனையே பார்த்தேன். செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நீ கோடைக் கொண்டு வெச்சே, நான் மேப்பைக் கொண்டு வெச்சேன். நல்ல ஜோடி நாம ரெண்டு பேரும்!" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, எடுத்துடு. கடிகாரத்துக்குப் பின்னாடி கொண்டு வை" என்றார்.

செல்வி தயங்கினாள். "மேடம், பிள்ளையார்ட்ட வச்சத எடுக்கறது..."

"எடுக்கறதுக்குத்தான்டி வெக்கறது. எடுக்காம அங்கேயே விட்டா எப்படிப் படிப்பே? இன்னொண்ணும் கேட்டுக்கோ. இடத்தை மாத்தினா மட்டும் போறாது. கன்ஸ்ட்ரக்டர்ங்கறது பிறக்கற நேரம். பிறக்கற நேரத்துல யாரையும் காத்துண்டு நிக்கப்படாது. பேரும் விலாசமும் எழுதிண்டு எழுந்து வரட்டும். சென்சாரோட பேசறதெல்லாம் மெயின் வந்தப்பறம், கடிகாரம் ஓட ஆரம்பிச்சப்பறம்."

அந்த வரப்பில் நின்று கேட்ட இந்த வார்த்தைகளைத்தான் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொன்னேன். பிறக்கிற நேரத்தில் யாரையும் காத்து நிற்காதே. எழுதுகிறவர்களின் கை வேகம் எவ்வளவு இருந்தாலும், இதை மறந்தவர்களின் பெட்டி எங்கேயாவது ஒரு குளிரில் நின்றுவிடும்.

நாங்கள் வரப்பிலிருந்து இறங்கி லேப்டாப்பைத் திறப்பதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. களை எடுத்த பெண்கள் கேட்டதைக் கேட்டபடியே சொல்லியிருக்கிறார்கள். பூண்டு அறையிலிருந்து பிள்ளையாரை எடுத்து வேறு இடத்தில் வைக்கப் போகிறார்களாம் என்று ஊருக்குள் பேச்சு. நாலைந்து பேர் தேங்காயும் சூடமுமாக வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா கேட்டார், "ஏந்தாயி செல்வி, எங்ககிட்டக் கேக்காம சாமிய நகத்தலாமா?"

"சாமி அங்கயேதேன் இருக்காரு பெரியம்மா. நான் வச்சத மட்டுந்தேன் எடுக்கேன்."

"அப்பச் சரி. எடுக்கும்போது கும்புட்டு எடு."

அவள் கும்பிட்டுத்தான் எடுத்தாள். நான் பார்த்தேன். கீபோர்டின் மேல் இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடித் திறந்து, அந்த ஆப்ஜெக்டை பிள்ளையார் ஃபைலிலிருந்து வெட்டி கடிகாரத்துக்குப் பின்னால் ஒட்டினாள். கன்ஸ்ட்ரக்டரில் இருந்த கேள்வியையும் காத்திருப்பையும் எடுத்துத் தனி ஃபங்ஷனாக்கி, மெயினுக்குள் கொண்டுபோய் வைத்தாள். புதிய கெர்னல் தயாரானதும் பிரிண்டர் இல்லாததால் லேப்டாப் திரையில் மேப்பை வைத்துக்கொண்டு ஆஞ்சநேயர் வரை நான் வாசித்தேன். அவள் "உள்ளேன்" சொன்னாள். அங்கே இல்லாதவர்களுக்காகவும் அவளே சொன்னாள். கையில் தேங்காயோடு நின்ற பெரியம்மாவும் அவளோடு சேர்ந்து இரண்டு தடவை "உள்ளேன்" சொன்னார்.

சோதனை மறுநாள் காலையில்தான் செய்ய முடியும். குளிர் வேண்டுமே. மறுநாள், வெள்ளிக்கிழமை, விடியற்காலையில் மூடுபனி அறை வாசல் வரை வந்து நின்றது. சோதனைக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். ஊரில் பாதிப் பேர் கம்பளி போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள், சிலர் பூண்டை எடுத்துப் போகச் சாக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சாக்குகளைப் பார்க்காமல் இருக்க செல்வி எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். சென்சார் பெட்டியின் மேல் டம்ளர் இல்லை என்பதை ஒருவர் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

இரவே அணைத்து வைத்திருந்த மெயின் சுவிட்சில் வேலுச்சாமி கை வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். போட்டார்.

சிவப்பு. பச்சை. சென்சார் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது, ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பனி வெளியே நின்றுவிட்டது.

யாரோ தேங்காயை உடைத்தார்கள். சாக்கு கொண்டுவந்தவர்கள் அதைத் தோளில் போர்த்திக்கொண்டு, குளிருக்காகத்தான் கொண்டுவந்தோம் என்பது போல நின்றார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், குல்லாவோடு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. இதை என் மனைவி வாசிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பூஞ்சை பிடித்த ஜன்னலோரச் சரங்கள் போக மற்ற விதை முழுக்க மண்ணுக்குப் போய் முளைத்தது. ஆபீஸில் வழக்கம் ஒன்று மாறியது. ஆயுத பூஜைக்கு முந்தின நாளே மேப்பை வாசித்து முடித்துவிட வேண்டும், வாசித்ததைத்தான் பூஜையில் வைக்கலாம். இந்தச் சட்டத்தை மேடமே போட்டார். பிள்ளையார் ஃபைலில் பெயர் எழுதுகிற வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கு அந்த அறையில் மேடத்தின் நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருக்கிறாள். அவள் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்பாள், அது இன்னும் பயமாக இருக்கிறது என்று ரெம்யா சொல்கிறாள்.

ஆகவே ரெம்யா, அந்த இரண்டு ஃபைல்களையும் தாராளமாக அழித்துவிடு. புதிய லிங்கர் ஆரம்பத்தையும் முடிவையும் தானே குறித்துக்கொள்கிறது, நல்லதுதான். வேலை நடந்தால் போதும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் இதைவிடப் பெரிய ஃபைல்களைப் பார்த்தவர். கும்பிட்டு எடு, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் புதிய போர்டு முதலில் வட்டவடைக்குத்தான் போகிறது என்று கேள்விப்பட்டேன். அங்கே பரீட்சை வைக்கிறவர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன தை மாதம் நானும் மனைவியும் வட்டவடைக்குப் போயிருந்தோம். வேலுச்சாமி வீட்டில் தங்கல். விடியற்காலையில் கதவு திறக்கிற சத்தம் கேட்டு எழுந்து, குல்லாவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் பூண்டு அறைக்குள் போனார். கரண்ட் போகவில்லை. பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். கொஞ்சம் பொறுத்தார். போட்டார். சிவப்பு வந்தது, பச்சை வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றேன்.

திரும்பிப் பார்த்து, பிடிபட்டவர் போலச் சிரித்தார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லைங்கய்யா. தெனமும் பண்றதுதேன். செல்விக்குத் தெரிஞ்சா வையும், சொல்லிறாதீக. சின்னதுல பள்ளிக்கூடம் போக அது எந்திரிக்கவே எந்திரிக்காது. இப்பப் பாருங்க, ஒரு தடவ கூப்புட்டாப் போதும்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டார், எனக்காக.